ஒரே ராத்திரியில் ஆகாத காரியம்

அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் உச்சப் படிக்கு ஈகிள் ஸ்கவுட் என்று பெயர். அதற்குக் கீழே ஆறு படிகள். 21 மெரிட் பேட்ஜ்கள் வாங்கியிருக்க வேண்டும். அவற்றில் பாதிக்கு மேல் கட்டாயப் பாடங்கள். அணியில் ஏதாவது ஒரு பொறுப்பை ஏற்று நடத்தியிருக்க வேண்டும். ஊருக்கு உதவும் ஒரு சேவைத் திட்டத்தைத் தானே முன்னின்று முடித்திருக்க வேண்டும். அத்தனையும் 18 வயது நிறைவதற்குள். 2019இலிருந்து பெண்பிள்ளைகளுக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது. பட்டியலைக் கேட்டதும் நம்மூர்ப் பெற்றோர் இரண்டு கேள்வி கேட்பார்கள். "காலேஜ் அட்மிஷனுக்கு உதவுமா?" "எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம்?" முதல் கேள்விக்கு, "உதவும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்" என்று சொல்லிவிடுவேன். இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

டல்லாஸ் பக்கத்தில் எங்கள் பேட்டைச் சாரணர் அணி கூடுவது ஒரு சர்ச் ஹாலில். திங்கட்கிழமை சாயங்காலங்களில் சிலுவைக்குக் கீழே, நெற்றியில் விபூதிக் கீற்றோடு சில பையன்கள் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருப்பார்கள். அங்கே யாருக்கும் அது விசித்திரமாகப் படுவதில்லை. மகனைச் சேர்க்கப் போன நானும் மாட்டிக்கொண்டேன். அவன் முடித்துவிட்டுப் போன பிறகும், 'பர்சனல் மேனேஜ்மென்ட்' பேட்ஜின் கவுன்சிலராக நான் தொடர்கிறேன். வரவு செலவு, சேமிப்பு, கடன், வட்டி, நேரத்தைத் திட்டமிடுவது எல்லாம் அதன் பாடம். சம்பளமில்லாத வேலை. ஆனால் என் கையெழுத்து விழுந்தால்தான் பேட்ஜ்.

கவுன்சிலர் எந்தப் பிள்ளையோடும் தனியாக உட்கார்ந்து பேசக் கூடாது. பெற்றோரோ வேறொரு பெரியவரோ கூட இருந்தாக வேண்டும். இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் கசப்பான வரலாறு இருக்கிறது. பல பத்தாண்டுகளாகச் சிறுவர்களுக்கு நடந்த பாலியல் கொடுமைகளுக்காக வழக்குகள் குவிந்து, 2020 பிப்ரவரியில் இயக்கம் திவால் மனு கொடுத்தது. 82,000 பேருக்கு மேல் இழப்பீடு கேட்டு முன்வந்தார்கள். ஈகிளின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும். ஆகவே எங்கள் சந்திப்பெல்லாம் பொது நூலகத்து மேசையில், பக்கத்து நாற்காலியில் அப்பாவையோ அம்மாவையோ வைத்துக்கொண்டுதான்.

என் பேட்ஜில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பட்ஜெட் போட்டு, 13 வாரம் விடாமல் வரவு, செலவு, சேமிப்பை எழுதிவர வேண்டும். ஒரு பையன் கம்பிச் சுருள் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். வாரக் கடைசியில் பொடிசுகளின் கால்பந்தாட்டத்துக்கு நடுவர் வேலை பார்த்துச் சம்பாதிக்கிறவன். முதல் நான்கு வாரம் அசல். ஒரு நாள் நீல மை, ஒரு நாள் பென்சில். ஒரு பக்கத்தில் கோப்பையின் அடி பதிந்த ஈர வட்டம். அதன் மேலேயே 'போபா டீ, 6.25' என்று செலவுக் கணக்கு. ஐந்தாவது வாரத்திலிருந்து கையெழுத்து திடீரென்று அழகாகிவிட்டது. ஒரே கறுப்பு மை, ஒரே சாய்வு. செலவெல்லாம் 10 டாலர், 15 டாலர், 20 டாலர். சில்லறையே புழங்காத வாழ்க்கை!

நான் பக்கங்களைப் புரட்டும் வேகம் குறைந்ததை அவன் அம்மா கவனித்துவிட்டார். "அண்ணா, கொஞ்சம் பார்த்துப் போட்டுடுங்களேன். அடுத்த மாசம் இவனுக்கு எஸ்.ஏ.டி. வேற இருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் பையனே நோட்டை இழுத்துக்கொண்டான். "மறுபடி முதல்லேர்ந்து எழுதறேன், அங்கிள்."

அன்றிலிருந்து 13 வாரம். அதில் ஒரு வாரத்தைத் தள்ளுபடி செய்ய எனக்கு அதிகாரமில்லை. 'பொய்க் கணக்கு எழுதினாயல்லவா, 15 வாரம் எழுது' என்று தண்டிக்கவும் அதிகாரமில்லை. நிபந்தனைகளில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ யாருக்கும் உரிமை கிடையாது என்பது இயக்கத்தின் அடிப்படை விதி. 

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பரீட்சையில் பிறந்து பரீட்சையில் வளர்ந்த சமூகம் நம்முடையது. நான் ஊரில் பள்ளிக்கூடத்தில் சாரணனாக இருந்தவன்தான். காக்கி உடுப்பு, கழுத்தில் ஸ்கார்ஃப், பொருள் தெரியாமல் மனப்பாடமாகப் பாடிய இந்திப் பிரார்த்தனைப் பாட்டு. பி.டி. மாஸ்டர் முடிச்சுகளுக்குப் பரீட்சை வைப்பார். முந்தின நாள் ராத்திரி கட்டில் காலில் கயிற்றைக் கட்டிக் கட்டிப் பழகி, மறுநாள் பாஸாகிவிடுவோம். அதற்கடுத்த நாள் முடிச்சு மறந்திருக்கும். பரீட்சை என்ற ஏற்பாடே இரண்டு நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. கடைசி ராத்திரி கண் விழித்தால் கரையேறிவிடலாம் என்பது ஒன்று. அவரவர் தாளை அவரவர் எழுதினால் போதும், பக்கத்து பெஞ்சுக்காரன் எக்கேடு கெட்டால் என்ன என்பது இன்னொன்று. ஈகிளிடம் இந்த இரண்டும் செல்லாது.

முதலில் ராத்திரி விஷயம். ஃபர்ஸ்ட் கிளாஸ் என்ற படியிலிருந்து ஸ்டார் ஆவதற்குக் குறைந்தது 4 மாதம் அணியில் இயங்க வேண்டும். ஸ்டாரிலிருந்து லைஃப் ஆவதற்கு 6 மாதம். லைஃபிலிருந்து ஈகிளுக்கு இன்னொரு 6 மாதம். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இந்த 16 மாதத்தை 15 ஆக்க முடியாது. இதற்குள்ளேயும் சின்னச் சின்னப் பூட்டுகள். உடற்தகுதிப் பேட்ஜுக்கு 12 வாரப் பயிற்சி. முகாம் பேட்ஜுக்கு 20 இரவுகள் வெளியே தங்கியிருக்க வேண்டும். குடும்ப வாழ்க்கைப் பேட்ஜுக்கு, வீட்டு வேலைகளில் சிலவற்றைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டு 90 நாள் செய்து, செய்ததைக் குறித்து வைக்க வேண்டும்.

நம் வீடுகளில் கடைசியாகச் சொன்னதுதான் பெரிய கூத்து. என் மகன் பாத்திரம் தேய்ப்பதைப் பட்டியலில் எழுதியிருந்தான். அந்தச் சமயம் பார்த்து ஊரிலிருந்து என் அம்மா வந்திருந்தாள். "ஆம்பளப் புள்ள பாத்திரம் தேய்க்கறதாவது" என்று அவன் பள்ளியிலிருந்து வருவதற்குள் எல்லாவற்றையும் துலக்கிக் கவிழ்த்துவிடுவாள். அவன் சாமர்த்தியமாகக் காலையில் பாட்டிக்கு முன்னால் எழுந்து, ராத்திரிப் பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தான். கொஞ்ச நாள் பாட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மூன்று மாதம் முடிகிற வேளையில் அவளே சிங்க் பக்கத்தில் நின்றுகொண்டு, "குக்கர் அடில பிசுக்கு இருக்கு பாரு, சரியாத் தேய்" என்று மேற்பார்வை பார்க்கத் தொடங்கியிருந்தாள். ஒரு வாரத்தோடு முடிகிற வேலையாக இருந்திருந்தால், பேரன் ஏதோ ஸ்கூல் விளையாட்டு விளையாடுகிறான் என்று அவள் பொறுத்துக்கொண்டு போயிருப்பாள்.

இரண்டாவது, தனியாக எழுதும் தாள். ஈகிளின் ஆரம்ப காலத்தில் தனித் திறமைக்குத்தான் மவுசு. 1912இல் முதல் ஈகிள் ஸ்கவுட் ஆனவர் ஆர்தர் எல்ட்ரெட், நியூயார்க் மாநிலம் லாங் ஐலண்டைச் சேர்ந்த பையன். 21 பேட்ஜ் வாங்கிவிட்டு வந்தவரை டேனியல் பியர்ட், எர்னஸ்ட் தாம்ப்சன் சீட்டன், ஜேம்ஸ் வெஸ்ட் என்று இயக்கத்தின் பெருந்தலைகளே உட்கார்ந்து விசாரித்தார்கள். சேவைத் திட்டம் என்ற நிபந்தனை சேர்ந்தது 1965இல்தான். பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்டு ஃபோர்டும், நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கும் அது இல்லாத காலத்து ஈகிள்கள். 

இன்றைய பிள்ளைகளுக்கு அதுதான் மலை. திட்டத்தால் பயன்பெறப்போகும் கோயிலோ, சர்ச்சோ, பள்ளியோ, ஊர் அமைப்போ முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும். அணியும் மாவட்ட அமைப்பும் ஒப்புதல் தந்த பிறகுதான் முதல் ஆணியை அடிக்கலாம். வியாபாரத்துக்கு உதவும் வேலை கூடாது. வெறும் நிதி திரட்டலும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், மற்றவர்களை வைத்து வேலை வாங்க வேண்டும். தானே இரவு பகலாக உழைத்து முடித்தால், பொருள் எவ்வளவு அழகாக வந்தாலும் திட்டம் நிறைவேறியதாகாது.

எங்கள் பக்கத்துக் கோயிலில் ஒரு பையன் செருப்பு ராக் செய்தான். வாசலில் சிதறிக் கிடக்கும் செருப்பு மலையைப் பார்த்து வந்த யோசனை. சனிக்கிழமை காலையில் பையன்கள் வந்தார்கள்; கூடவே அப்பாக்களும் வந்தார்கள். பாதிப் பேர் என்ஜினியர்கள். வட்ட ரம்பம் மாதிரியான மின்கருவிகளை 18 வயது ஆனவர்கள்தான் தொடலாம் என்பதால், பலகை அறுக்கப் பெரியவர்கள் வேண்டித்தான் இருந்தது. ஆனால் அறுப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் அளவு நாடாவைப் பிடுங்கிக்கொண்டார். இன்னொருவர், "இந்த டிசைன் தாங்காதுப்பா, நடுவுல ஒரு சப்போர்ட் குடுக்கணும்" என்று வரைபடத்தையே மாற்றத் தொடங்கினார். பையன்கள் ஓரமாக உட்கார்ந்து ஃபோனை எடுத்துவிட்டார்கள். 

திட்டத்துக்காரப் பையன் கொஞ்சம் கூச்ச சுபாவி. கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பிறகு கோயில் மடப்பள்ளிக்குள் போய் ஒரு தட்டு நிறைய வடையும் ஃபிளாஸ்க்கில் காபியும் வாங்கி வந்து, கொஞ்சம் தள்ளி மர நிழலில் வைத்தான். "அங்கிள், நீங்க எல்லாரும் பிரேக் எடுத்துக்கங்க. அறுக்கறப்போ கூப்பிடறேன்." அப்பாக்கள் வடையைத் தேடிப் போனார்கள். அளவு நாடா பையன்கள் கைக்கு வந்தது. நடுவில் சப்போர்ட் கொடுக்கச் சொன்ன யோசனையை மட்டும் அவன் வரைபடத்தில் ஏற்றுக்கொண்டான். அந்த ராக் கொஞ்சம் கோணல்தான். ஆனால் நிற்கிறது, தினமும் நிரம்பி வழிகிறது.

எல்லாம் முடிந்தபின் நடப்பது ஈகிள் விசாரணைக் குழு. மூன்றிலிருந்து ஆறு பெரியவர்கள் உட்காருவார்கள். பெற்றோருக்கு உள்ளே இடமில்லை. எல்லோரும் ஒரே மனதாக ஒப்புக்கொண்டால்தான் தேர்ச்சி. அந்தக் குழுக்களில் நானும் உட்கார்ந்ததுண்டு. எந்த அளவுப் பலகை, எத்தனை ஆணி என்பதையெல்லாம் திட்டப் புத்தகத்தில் படித்துவிடலாம். நான் கேட்பது வேறு. யார் வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை? வேலை செய்யாமல் விளையாடிக்கொண்டிருந்தவனை என்ன செய்தாய்? ராப்பகலாகப் படித்துத் தயாரித்த பதில்கள் இந்தக் கேள்விகளுக்கு உதவுவதில்லை. நிஜமாகவே நடத்தியவன் சிரித்துக்கொண்டு பேச ஆரம்பிப்பான், நிறுத்துவதுதான் கஷ்டம். 

முடிக்காமல் விட்டவர்களையும் எனக்குத் தெரியும். லைஃப் வரை வந்துவிட்டு, கடைசி வருடம் பாடச் சுமையிலும் வேறு ஆர்வங்களிலும் நின்றுபோனவர்கள். அவர்களைத் தோற்றவர்கள் என்று நான் நினைப்பதில்லை. 20 இரவு கூடாரத்தில் படுத்தவன் படுத்தவன்தான். கற்ற முதலுதவியைப் பதக்கம் கிடைக்காததால் யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. ராணுவத்தில் சேரும் ஈகிளுக்குத் தொடக்கத்திலேயே ஒரு படி மேலான சம்பளம் கிடைக்கும் என்பது போன்ற சில சலுகைகள் போகலாம், அவ்வளவுதான். 

ஆனால் முடிக்க வேண்டும் என்று நினைக்கிற பிள்ளையின் பெற்றோருக்கு ஒரு கணக்கு சொல்வேன். 13 வாரம் என்பது 91 நாள். 17 வயது ஒன்பது மாதத்தில் வந்து என்னிடம் நோட்டைத் திறக்கிற பையனுக்கு, உலகத்திலுள்ள எல்லா டியூஷன் மாஸ்டரும் சேர்ந்து வந்தாலும் உதவ முடியாமல் போகலாம். பதினைந்து வயதில் திறந்தவனுக்கோ டியூஷனே தேவையில்லை. ஒரு பேனாவும், போபா டீ குடித்தால் 6.25 என்று சில்லறையோடு எழுதுகிற நேர்மையும் போதும். நம் பிள்ளைகளுக்கு மூளை குறைவில்லை, உழைப்பும் குறைவில்லை. மெதுவாக வளர்கிற காரியங்களுக்கு முன்னால் பொறுமையாக நிற்கத்தான் நாம் அவர்களுக்குச் சொல்லித்தருவதில்லை. நமக்கே அது தெரியாது என்பதால் இருக்கலாம்.