மேல்பைக் காசு

சில்லறைக்கு ஒரு வாசனை உண்டு, வியர்த்த உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருந்து கையை விரித்தால் மூக்கில் ஏறுகிற, துருவும் உப்பும் சேர்ந்த நெடி, அது என் விரல்களை விட்டுப் போய் வெகுநாளாகிவிட்டது என்பதே மேற்கு மாம்பலத்தில் ஒரு பூக்காரம்மா மீதியாக மூன்று பத்து ரூபாய் நாணயங்களைத் திணித்தபோதுதான் உறைத்தது. செல்லும், செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை தடவை சொன்னாலும் பத்து ரூபாய் நாணயத்தை ஏற இறங்கப் பார்க்கிற பழக்கம் நம் ஊர்க் கடைகளில் முழுசாகப் போகவில்லை, யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று அந்தம்மா காத்திருந்திருக்க வேண்டும், வாங்கி மேல்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன், நடக்க நடக்க அவை மார்பில் இடித்துக் கிணுகிணுத்தன, அந்தச் சத்தம் என் தாத்தாவுடையது.

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர் அவர், கஞ்சி போட்ட அரைக்கைச் சட்டை, உள்ளே பை வைத்துத் தைத்த பனியன், பணம் என்று மதிக்கத்தக்கதெல்லாம் பனியன் பையில், மேல்பை சில்லறைக்கு மட்டும், அந்தச் சில்லறையும் சாமான் வாங்க அல்ல, கொடுக்க. காலையில் விபூதி இட்டுக்கொண்டதும், ஓட்டின் நடுவே பதித்த கண்ணாடி வழியாக வெயில் கூடத்துச் சிமென்ட் தரையில் ஒரு கட்டமாக விழும் நேரத்தில், அந்த வெளிச்சத்துக்குள் காசுகளைப் பரப்புவார், சதுரமான ஐந்து பைசா, ஓரம் நெளிந்த பத்து பைசா, தாமரை போட்ட பித்தளை இருபது பைசா, நாலணா, எட்டணா என்று வரிசையாக, அணாக் கணக்கு 1957 ஏப்ரலோடு முடிந்துபோனது, தாத்தாவின் வாயில் மட்டும் அது கடைசிவரை முடியவில்லை. அன்றைக்கு யார் யார் எதிர்ப்படுவார்கள் என்று யோசித்து அதற்குத் தக்கபடி எடுத்துப் போட்டுக்கொள்வார், அவர் சட்டையைக் கழற்றி மாட்டினால் அந்த மூலையே பன்னீர்ப் புகையிலையும் உலோகமும் கலந்து மணக்கும்.

யாருக்கு எவ்வளவு என்பதைவிட எப்படி என்பதில்தான் அவருக்குக் கண். பெரிய கடைத்தெருவில் அவர் வழக்கமாகப் போகும் ஓட்டலில், சிக்கரி கலக்காத காப்பிப்பொடி மணமும் ஈரத் துணியால் துடைத்த மேசையின் புளிப்பு வாடையும் கலந்து வரும், சர்வர் காதில் பென்சிலோடு வந்து நிற்பார், தாத்தா ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, நெய் விடாத ரவா தோசையும் டிகிரி காப்பியும் தானாக வரும், எழுந்திருக்கும்போது டபராவைக் கவிழ்த்து அதன் அடியில் ஒரு நாலணாவைத் தள்ளிவிட்டு வருவார். "கையில குடுத்தா கல்லாவுல இருக்கறவர் பார்ப்பார் தம்பி, அப்புறம் அந்தாளுக்குச் சம்பளம் ஏத்தறப்ப அது ஞாபகம் வரும்." இலை எடுத்து மேசை துடைக்கிற பையனுக்கு டபராவின் அடியிலிருந்து ஒன்றும் போகாது என்று அவருக்குத் தெரியும், ஆகையால் கை கழுவுகிற தொட்டியண்டை அவனைக் கூப்பிட்டுப் பத்து பைசாவைத் தனியாகக் கொடுப்பார். சலூனில் கதை வேறு, கடைக்காரரே கத்தியெடுத்து முடி வெட்டினால் அவருக்கு இனாம் கொடுப்பது மரியாதைக் குறைவு, முதலாளிக்கு எதற்கு இனாம், கூலியை முழுசாகக் கொடுத்து மீதி கேட்காமல் எழுந்து வர வேண்டும், படிகாரக் கட்டியை நனைத்துக் கொடுத்து, கழுத்தில் பவுடர் அடித்து, தோளில் ஒட்டிய முடியைத் தட்டிவிடுகிற பையன் கையில் மட்டும் ஒரு காசு. கும்பேஸ்வரர் கோயில் வாசலில் யானை துதிக்கையை நீட்டினால் அதற்கும் பத்து பைசா, அது வாங்கிப் பாகனிடம் நீட்டிவிட்டு என் தலையில் மூச்சுக் காற்றோடு ஈரமாக ஒரு தட்டுத் தட்டும், வாங்கினதைப் பதுக்காமல் முதலாளி கையில் கொடுக்கிற ஒரே வேலைக்காரன் இதுதான் என்பார் தாத்தா, ஒவ்வொரு தடவையும் அதையே சொல்வார், நானும் ஒவ்வொரு தடவையும் சிரிக்க வேண்டும்.

தீபாவளி, பொங்கல் இனாம் மட்டும் அப்பாயியின் இலாகா. தபால்காரர் வந்தால் திண்ணையில் உட்காரச் சொல்லிக் காப்பி, தட்டில் அதிரசம், வெற்றிலை பாக்கு வைத்து இரண்டு ரூபாய், மாசாமாசம் சித்தப்பாவின் மணியார்டரைக் கொண்டுவருகிறவர் என்பதால் அவருக்குத் தனிச் சலுகை. தந்தி கொண்டுவருகிறவர் பிறப்பு, பாஸ், வேலை என்று நல்ல சேதியாக இருந்தால் கையெழுத்து வாங்கியபின்னும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார், சாவுத் தந்தியென்றால் நிமிர்ந்து பார்க்காமல் போய்விடுவார், அவர்களுக்கென்று எழுதாத ஒரு ஒழுங்கு இருந்தது, 2013 ஜூலையில் தந்தியே நின்றபோது பத்திரிகைகளில் வந்த அஞ்சலிக் கட்டுரைகளில் இதை யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன், என் கண்ணில் படவில்லை. ஆனால் கொல்லைப்புறம் வந்து நிற்கிறவர்களுக்கு அப்பாயி கொடுத்த விதம் வேறு, சுருக்குப் பையை அவிழ்த்துக் காசை எடுத்து, ஒரு சாண் உயரத்திலிருந்து ஏந்திய கைகளுக்குள் போடுவாள், விரல் படாமல். காசு விழுகிற அந்தச் சத்தமும் எனக்கு நினைவிருக்கிறது, அவள் கெட்டவள் இல்லை, தபால்காரருக்குக் கொடுத்த அதே அதிரசத்தைத்தான் அவர்களுக்கும் இலையில் கட்டிக் கொடுத்தாள், அறுப்புக் காலத்தில் களத்திலேயே அவரவருக்கு உரிய நெல்லை மரக்காலில் அளந்துபோட்ட வீட்டிலிருந்து வந்தவள், அந்த நெல்லுக்கு மேல் பண்டிகைக்குப் பண்டிகை ஒரு காசு என்பதுதான் அவள் அறிந்த உலகம், எனினும் அந்த ஒரு சாண் உயரத்தை விட்டுவிட்டுப் பழைய காலத்தை மெச்சிக்கொள்ள எனக்கு மனமில்லை.

அப்பா வேறு மாதிரி. அவருக்கு வேலை நிமித்தம் அடிக்கடி மதுரை போக வேண்டியிருந்தது, பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவார், ரயில் நிலையத்துக்கு எதிரே டவுன் ஹால் ரோட்டில் ஒரு லாட்ஜ், படியேறும்போதே பினாயில் நெடியும் சுண்ணாம்புச் சுவரின் ஈரமும், பூட்டில் தொங்கும் மரக்கட்டையில் அறை எண், சாயங்காலம் வராந்தா முழுக்க மஞ்சள் பல்பு வெளிச்சம். இனாம் போகும்போது கொடுப்பதல்ல, வந்ததும் கொடுப்பது என்பது அப்பாவின் கட்சி, ரூம் பாய் தண்ணீர்க் கூஜாவை வைத்துவிட்டு நிமிரும்போதே ஒரு ரூபாய், பையன் என்றுதான் பெயர், அவருக்கு ஐம்பது வயதுக்குமேல் இருக்கும், அப்பா அவரை அண்ணே என்பார், அப்புறம் விடிகாலை வெந்நீர் பக்கெட், கேட்காமலே பேப்பர், மேல மாசி வீதியிலிருந்து சூடாக இட்லி, எல்லாம் நடந்துவிடும். காலிசெய்கிற அன்றைக்கு அதுவரை முகத்தையே பார்த்திராத நாலு பேர் படிக்கட்டில் வரிசையாக நின்று சலாம் வைப்பார்கள், அப்பா எல்லோருக்கும் பொதுவாகச் சிரித்துவிட்டு இறங்கிவிடுவார். தாத்தா நன்றிக்குக் கொடுத்தார், அப்பா வேலை நடக்கக் கொடுத்தார் என்று பின்னாளில் நினைத்திருக்கிறேன், அவர்களிடம் கேட்டிருந்தால் இரண்டு பேருமே இல்லையென்றிருப்பார்கள்.

கேட்டு வாங்குகிற காசையும் பார்த்தாயிற்று. என் முதல் குழந்தை பிறந்த ஆஸ்பத்திரியில், டெட்டால் மணக்கிற நீள வராந்தாவில் விடிய விடிய நின்றிருந்தவனிடம் துணியில் சுற்றிய குழந்தையைக் காட்டுவதற்கு முன்பே ஆயா தொகையைச் சொன்னார், ஆண் என்றால் ஒன்று, பெண் என்றால் அதைவிடக் குறைச்சல், எனக்குப் பிறந்தது பெண், சலுகை விலை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, ஆனால் ராத்திரி முழுக்க ரத்தத் துணி அலசின அவர் கைகள் வெளுத்துச் சுருங்கியிருந்ததையும் பார்த்தேன், அந்த வேலைக்கு அங்கே என்ன சம்பளம் கொடுத்தார்களோ.

கல்யாண வீடுகளில்தான் இது அழகாக இருந்தது என்று சொல்லலாம், மாங்கல்ய தாரணம் முடிந்து கெட்டிமேளம் அடங்கியதும், யாராவது ஒரு பெரியவர் எழுந்துபோய்த் தவில்காரர் சட்டையில் குண்டூசியால் நோட்டைக் குத்துவார், சமையல் மாஸ்டரைக் கோட்டையடுப்பின் புகையிலிருந்து கூப்பிட்டுத் தாம்பாளத்தில் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கோடு ஒற்றைப்படையில் முடிகிற தொகை, நூற்றொன்று, ஐந்நூற்றொன்று. இப்போது எல்லாம் கான்ட்ராக்ட், பேலன்ஸ் தொகை வங்கிக் கணக்குக்குப் போகிறது, மாஸ்டர் யாரென்றே தெரிவதில்லை, சாம்பாரும் எல்லா மண்டபத்திலும் ஒரே சாம்பார்.

மகள் டல்லாஸில் இருக்கிறாள், சலுகை விலையில் பார்த்த அதே பெண்தான். அங்கே சாப்பிட்டு முடித்ததும் பில்லின் கீழே பதினெட்டு, இருபது, இருபத்தைந்து சதவீதம் என்று கணக்குப் போட்டே அச்சடித்துத் தருகிறார்கள், எனக்கு அது வழிப்பறியாகப் பட்டது, மகள்தான் விளக்கினாள், டிப்ஸ் வாங்குகிற வேலையாளுக்கு முதலாளி கைப்பொறுப்பில் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி அமெரிக்க மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர், 1991லிருந்து அது ஏறவில்லை, பல மாநிலங்கள் கூட்டிக்கொடுத்தாலும் டெக்ஸாசில் அதே தொகைதான், மீதிக்குப் பெரும்பாலும் சாப்பிடுகிறவர்கள் தருவதைத்தான் நம்ப வேண்டும். அங்கே டபராவுக்கு அடியில் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை, அதுவே சம்பளம்.

நம் ஊரிலும் காசு கைமாறுகிற விதம் மாறிவிட்டது, நாலணா 2011 ஜூன் முடிவோடு செல்லாமல் போனது, 2016க்குப் பிறகு யுபிஐ வந்து சட்டைப் பையையே தேவையில்லாமல் செய்துவிட்டது. பெரிய உணவகங்களில் சர்வீஸ் சார்ஜைப் பில்லிலேயே ஏற்றினார்கள், அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதுவே சரியென்றது, இருந்தும் பில்லை மேலும் கீழும் ஒருமுறை படிக்காமல் நான் எழுவதில்லை. சாப்பாடு கொண்டுவருகிற செயலியோ இட்லி அடுப்பில் இருக்கும்போதே கேட்கிறது, இருபதா, முப்பதா, ஐம்பதா, வண்டியோட்டி வருகிறவரை இன்னும் பார்க்கவில்லை, மழையில் நனைந்து வருவாரா, சாம்பாரைக் கொட்டிவிட்டு வருவாரா, ஒன்றும் தெரியாது, அப்பாவுக்கு வேண்டுமானால் இது பிடித்திருக்கும், முன்கூட்டியே கொடுக்கிற கட்சி. அமுக்கினால் திரையில் ஒரு பொம்மை குதித்துக் கைதட்டுகிறது, கதவைத் திறப்பதற்குள் பையை வாசலில் வைத்துவிட்டு ஆள் லிஃப்டில் இறங்கிவிடுகிறார். எங்கள் அடுக்ககத்தில் தீபாவளி இனாமும் ஒழுங்குக்கு வந்துவிட்டது, வீட்டுக்கு இவ்வளவு என்று சங்கம் வசூலித்துப் பட்டியல்படி பிரித்துக் கொடுக்கிறது, தனித்தனியாக யாரும் கொடுக்க வேண்டாம் என்று லிஃப்டுக்குள் நோட்டீஸ், காவலாளிகளும் கூட்டிப் பெருக்குகிற பெண்களும் அன்று காலையில் நம்மைப் பார்த்து வழக்கத்தைவிட அதிகமாகச் சிரிப்பதும் இல்லை, குறைவாகச் சிரிப்பதும் இல்லை.

மேல்பையில் கனத்துக்கொண்டிருந்த அந்த மூன்று நாணயங்களை யாருக்குக் கொடுப்பது என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது, தாத்தாவின் கணக்கு, தண்ணீர் கேன் போடுகிறவருக்கு. லிஃப்ட் பழுதானால் இருபது லிட்டரைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறுகிறவர், அன்றும் பழுது, மூச்சு வாங்க வந்து கேனைத் தட்டிக் கவிழ்த்து வைத்தார், டபராவெல்லாம் வேண்டாம், நேராகவே கொடுப்போம் என்று நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை, நெற்றியைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஜிபே பண்ணிடுங்களேன் சார். கையில வாங்கினா போற வழியிலயே டீ, பீடின்னு கரைஞ்சிடும். நம்பர் வீட்டுக்காரம்மாவோடது, அவங்க சீட்டு கட்டறாங்க."

டபராவின் அடியில் வைத்த நாலணா அந்தச் சர்வரின் வீட்டுக்குப் போனதா, பக்கத்துப் பெட்டிக்கடைக்குப் போனதா என்று தாத்தா யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை, கொடுக்கிற அழகோடு அவர் கணக்கு முடிந்துவிடும், நானும் அதைத்தான் இத்தனை வருஷமாக ரசித்து வந்திருக்கிறேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து எண்ணை அடித்தேன், திரையில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது, நாணயமாக இருந்தால் முப்பது, இதில் ஐம்பது போட முடிந்தது.

"பேரு சரியா வருதா சார்?" என்று எட்டிப் பார்த்தார், வருகிறது என்றேன். "தீபாவளிக்கு உங்க சங்கத்துல குடுக்கறது எங்களுக்கு வராது சார், நாங்க வெளியாளு, லிஸ்டுல பேரு இல்ல" என்றார், குறையாகக்கூட இல்லை, தகவலாக, பிறகு காலி கேனை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கியவர் திரும்பி, "மேல் வீட்டம்மாவும் போன வாரம் நம்பர் கேட்டாங்க, நான் சொல்ல மறந்துட்டேன், பாத்தீங்கன்னா இதையே குடுத்துடுங்க சார்" என்றார்.