காத்தாடி விடலாம், வாங்க

சென்னையில் யாரிடமாவது "எனக்குக் காத்தாடி விடுறதுதான் பொழுதுபோக்கு" என்று சொல்லிப் பாருங்கள். கிரிக்கெட் என்றால் தலையாட்டுவார்கள், செஸ் என்றால் மரியாதையே கூடும். காத்தாடி என்றால் மட்டும் ஒன்று "இன்னும் சின்னப் பையனா நீ?", இல்லாவிட்டால் "போலீஸ் பிடிக்காதா?". இரண்டையும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. நான் வட சென்னைக்காரன், கல்லூரியில் மூன்றாம் வருடம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காற்று இருந்தால் எங்கே இருப்பேன் என்று வீட்டில் யாரும் தேட மாட்டார்கள். இந்தப் பாவப்பட்ட பொழுதுபோக்குக்குக் கொஞ்சம் வக்காலத்து வாங்கத்தான் இந்தக் கட்டுரை.

(மற்ற ஊர்க்காரர்களுக்கு: நீங்கள் பட்டம் என்று சொல்வதைத்தான் நாங்கள் காத்தாடி என்கிறோம்.)

போலீஸ் விஷயத்தை முதலிலேயே பேசிவிடுவோம். அதை ஒதுக்கிவிட்டுக் காத்தாடியைப் பற்றிப் பெருமை பேசினால் நியாயமாக இருக்காது. கண்ணாடியைத் தூளாக இடித்து, பசையும் சாயமும் கலந்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய நூலில் தடவிக் காயவைத்தால் அது மாஞ்சா. அடுத்தவன் காத்தாடியை அறுப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அந்தச் சண்டைக்குப் பேர் 'டீல்'. முன்பெல்லாம் பருத்தி நூலில்தான் தடவினார்கள், வேகமாக இழுத்தால் நூலே அறுந்துவிடும். பிறகு நைலான் வந்தது. 'சைனா மாஞ்சா' என்பார்கள். பேர்தான் சைனா, தயாராவது பெரும்பாலும் நம் நாட்டில்தான். அது லேசில் அறுவதுமில்லை, மக்குவதுமில்லை. டீலில் தோற்ற காத்தாடி எங்கேயோ போய் விழும். அதன் நூல் மரத்திலும் மேம்பாலத்திலும் குறுக்கே தொங்கும், வண்டியில் வருகிறவர் கழுத்து உயரத்தில். 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில், அப்பாவின் பைக்கில் முன்னால் உட்கார்ந்து வந்த மூன்று வயதுக் குழந்தை அப்படித்தான் இறந்துபோனது. அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் எங்கள் தெருவில் அம்மாக்கள் பரணில் இருந்த லொட்டாய்களை எல்லாம் தேடி எடுத்துக் குப்பையில் போட்டது நன்றாக நினைவிருக்கிறது. அவர்கள் செய்தது சரி.

அதனால் தடையை எதிர்த்து நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லப் போவதில்லை. 2017 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் போன்ற செயற்கை இழை மாஞ்சாவை நாடு முழுவதும் தடை செய்தது. 2023-ல் தமிழக அரசும் செயற்கை இழை நூல், கண்ணாடித் தூள் பூசிய நூல் இரண்டையும் தயாரிக்கவோ விற்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று ஆணை போட்டது. ஆனால் அதே ஆணையில் இன்னொரு பாதியும் இருக்கிறது: எதுவும் பூசாத பருத்தி நூலில் பட்டம் விடலாம். இந்தப் பாதிச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேரவே இல்லை! 'காத்தாடிக்கே தடை' என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன வருடம் எங்கள் தெருப் பையன்கள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு மெரினாவுக்குப் போனேன். வெறும் வெள்ளைத் தையல் நூல்தான். பத்து நிமிடம் ஆகியிருக்காது, ஒரு காவலர் வந்துவிட்டார்.

"யாருப்பா காத்தாடி விடறது? தடைன்னு தெரியாதா?"

"சார், வெறும் நூல் சார். தொட்டுப் பாருங்க."

விரல்களுக்கு நடுவே வைத்து இழுத்துப் பார்த்தார். "சரி, ரோட்டுப் பக்கம் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல மனிதர். ஆனால் அதற்குள் இரண்டு பையன்கள் படகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்றார்கள். அதில் ஒருவன் வீட்டில் போய் 'போலீஸ் வந்துச்சு' என்று சொல்ல, அடுத்த வாரத்திலிருந்து அவனை அனுப்பவில்லை. அவன் அம்மாவைக் குறை சொல்ல முடியுமா? அவர் கேட்டது ஒரே கேள்வி. "நாளைக்கு ஒண்ணுன்னா நீயா தம்பி ஸ்டேஷனுக்கு வருவ?"

மெரினாவுக்கு ஏன் போக வேண்டும், உங்கள் பக்கம் கடல் இல்லையா என்று கேட்பீர்கள். கடல் இருக்கிறது, மணல்தான் இல்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் அரிப்புக்காகப் பல இடங்களில் கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். திறந்தவெளி இல்லாததால் பையன்கள் மொட்டை மாடியில் ஏறுகிறார்கள், தண்டவாளத்துப் பக்கம் போகிறார்கள். அங்கிருந்து விட்டால் எந்த நூலாக இருந்தாலும் ரோட்டிலோ கரண்டு கம்பியிலோதான் விழும். என்னைக் கேட்டால், மாஞ்சாவுக்கு அடுத்த பெரிய ஆபத்து இந்த இடப் பற்றாக்குறைதான். அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

சரி, பையன்களின் ஆட்சேபத்துக்கு வருவோம். "அண்ணா, டீல் இல்லன்னா அதுல இன்னாண்ணா கெத்து?"

நியாயமான கேள்விதான். அதற்கு நான் ஜப்பானில் இருக்கும் ஹமமட்சுவைப் பற்றிச் சொல்வேன். ஒவ்வொரு வருடமும் மே 3 முதல் 5 வரை அங்கே காத்தாடித் திருவிழா நடக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட பேட்டைகள் ஆளுக்கொரு பெரிய காத்தாடியோடு மணல்மேட்டுக்கு வந்துவிடும். அங்கேயும் டீல் உண்டு. ஆனால் கண்ணாடி இல்லை, தடியான சணல் கயிறு. கயிற்றோடு கயிறு சிக்கவிட்டு, ஒரு கூட்டமே சேர்ந்து முன்னும் பின்னும் இழுக்க, உராய்ந்து உராய்ந்து சூடேறி அறும். அறுப்பதற்குக் கண்ணாடி தேவையில்லை, தோள்பலமும் ஆட்களும் போதும். இதைக் கேட்டதும் பையன்களின் கண் விரிந்தது பார்க்க வேண்டும்!

அறுக்காமலே கெத்து காட்டுகிற ஊரும் உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் அன்று கடற்கரையில் பட்டப் போட்டி நடக்கும். யார் பட்டம் யாருடையதை வெட்டியது என்பது அங்கே கணக்கில்லை. என்ன செய்தாய், அது எப்படிப் பறக்கிறது என்பதுதான் கணக்கு. விமானம், கப்பல், மிருகம் என்று முப்பரிமாணத்தில் செய்து ஏற்றுகிறார்கள். பட்டத்தில் 'விண்' கட்டுவார்கள், வில் மாதிரி வளைத்த குச்சியில் ஒரு நாரை இழுத்துக் கட்டினால் காற்றில் அது 'ம்ம்ம்' என்று கூவும். (அங்கேயும் விபரீதம் உண்டு. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் பெரிய பட்டத்தின் கயிற்றைப் பிடித்திருந்த இளைஞர் ஒருவரைப் பட்டமே மேலே தூக்கிப் போய்விட்டது. கீழே விழுந்து பிழைத்துக்கொண்டார். வீடியோவைப் பார்த்து வாயடைத்துப் போனேன்.)

நம் பக்கமும் 2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசக் காத்தாடித் திருவிழா நடத்தினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதில் நாம் பார்வையாளர்கள். வெளியூர்க் குழுக்கள் பெரிய பெரிய காத்தாடிகளை ஏற்றுவதைப் பார்த்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். குஜராத்தில் 1989 முதல் சர்வதேச விழா நடக்கிறது என்றால், அங்கே உத்தராயணத்தன்று வீட்டுக்கு வீடு நூல் பிடிக்கிறார்கள், விழாவுக்கு வேர் இருக்கிறது. (அங்கும் மாஞ்சாவில் பறவைகள் அடிபடுவது பெரிய பிரச்சினை, மறைக்க வேண்டாம்.) எங்களுக்கு வேண்டியது அவ்வளவு பெரிய விழாகூட இல்லை. வாரத்தில் ஒரு சாயங்காலம் மாநகராட்சி மைதானம் ஒன்று, வாசலில் நூலைத் தொட்டுப் பார்த்து உள்ளே விட ஒரு ஆள், 'பருத்தி நூல் மட்டும்' என்று ஒரு போர்டு. போலீஸ்காரரே அந்த ஆளாக இருந்தால் இன்னும் நல்லது, அம்மாக்களும் நம்புவார்கள்.

அதுவரை நாம் செய்யக்கூடியது இது. ஒரு செய்தித்தாளைச் சதுரமாக வெட்டுங்கள். துடைப்பத்திலிருந்து நல்ல ஈர்க்குச்சியாக உருவிக்கொள்ளுங்கள் (அம்மா பார்க்காதபோது). ஒன்றை மூலைக்கு மூலை நேராக ஒட்டுங்கள், இன்னொன்றை வில்லாக வளைத்துக் குறுக்கே ஒட்டுங்கள். சோற்றுப் பருக்கையே போதும். விஷயமே சூத்திரம் கட்டுவதில்தான் இருக்கிறது: மேல் நூல் கொஞ்சம் குட்டை, கீழ் நூல் கொஞ்சம் நீளம், அப்போதுதான் காத்தாடி காற்றைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். குத்துக்கரணம் போட்டால் பழைய துணியில் வால் கட்டுங்கள், இன்னும் போட்டால் வாலை நீட்டுங்கள். கடற்கரையில் மத்தியானத்துக்கு மேல் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், காத்தாடி ரோட்டுப் பக்கம்தான் போகும். அதனால் தண்ணீர் ஓரத்தில், கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். நூல் நூற்றைம்பது அடிக்கு மேல் வேண்டாம். மெரினா மணல் அதைவிட அகலம், அறுந்தாலும் பெரும்பாலும் மணலிலேயே விழும். விழுந்த நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள், விட்டுவிட்டு வராதீர்கள். கரண்டு கம்பியில் சிக்கினால் மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டும்.

நின்றுபோன அந்தப் பையனின் அம்மாவிடம் அரசாணை செய்தி வந்த பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டினேன். படித்தார். "பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்" என்றிருக்கிறார்.