பாட்டியும் இறந்த காலமும்

ஸ்பானிஷ் பாஷையின் வினைச்சொற்களுக்கு இறந்த காலம் ஒன்று போதவில்லை. இந்த உண்மை நமக்கு விளங்கியது நம் பாட்டியாரின் பொருட்டு. அவருக்கோ ஸ்பானிஷில் ஒரு சொல்லும் தெரியாது!

அப் பாஷையை நாம் கற்கத் தொடங்கிய மூன்றாம் மாதம், காலஞ்சென்ற உறவினர் ஒருவரைப் பற்றிப் பத்து வரி எழுதி வரும்படி ஆசிரியர் பணித்தார். 'மாலையில் பாட்டி எங்களோடு பேசினார்' என்று எழுத எண்ணினோம். பேசுதலுக்கு 'அப்லார்' என்பது சொல். அதன் ஈற்றிலுள்ள 'ஆர்' என்பதைக் களைந்து 'ஓ' சேர்த்தால் 'அப்லோ', அதாவது 'பேசினார்'. விதிப்படி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆசிரியர் புன்னகை புரிந்து, "உம்முடைய பாட்டி ஆயுளில் ஒரே ஒரு மாலைதான் வாய் திறந்தாரோ?" என்று வினவினார்.

'அப்லோ' என்பது செய்து தீர்ந்த காரியத்துக்கு உரியதாம். வழக்கமாய் நடந்து வந்ததற்கு 'அப்லாபா' என்று சொல்ல வேண்டும். 'ஏர்', 'ஈர்' என்று முடியும் வினைகளானால் 'ஈஆ' சேரும். உண்ணுதலாகிய 'கொமேர்', 'கொமீஆ' ஆகும். வாழ்தலாகிய 'பிவீர்', 'பிவீஆ' ஆகும். 1605-ல் வெளிவந்த செர்வாந்தேஸின் 'டான் குவிக்ஸாட்' முதற் பாகத்தில், கதாநாயகன் முதல் வாக்கியத்திலேயே 'பிவீஆ' என்று வாழ்ந்துகொண்டிருக்கிறான். 'பிவியோ' என்றிருந்தால் வாழ்ந்து முடித்தவனாகியிருப்பான். பிறகு கதை ஏது?

தமிழில் நாம் 'அந்த நாளில் பாட்டி கதை சொல்லுவார்' என்று, எதிர்கால உருவைக் கொண்டே பழைய வழக்கத்தைச் சொல்லிவிடுகிறோம். இதைக் கேட்டு வியந்து போவது ஆசிரியரின் முறையாயிற்று.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'அப்லாமோஸ்' என்றால் 'நாம் பேசுகிறோம்'. 'நாம் பேசினோம்' என்பதற்கும் அதுவேதான். 'நேற்று' என்பது போன்ற சொல் பக்கத்தில் இருந்தாலன்றிக் காலம் தெரியாது. பத்திரிகையில் 'நாம்' என்று எழுதுகிறவர்களுக்கு இதைவிட வசதி வேண்டுமா? 'ஏர்' ஈற்று வினைகள் மட்டும் ஒளிவு மறைவு அற்றவை: 'கொமேமோஸ்' என்றால் உண்கிறோம், 'கொமீமோஸ்' என்றால் உண்டோம்.

வீடு திரும்பி வரிகளைத் திருத்தினோம். 'அப்லோ' எல்லாம் 'அப்லாபா' ஆயின. பத்தாவது வரி, கடைசி நாளன்று பாட்டி கண் விழித்து நம்மோடு இரண்டு வார்த்தை பேசியதைப் பற்றியது. அதில் மட்டும் 'அப்லோ' என்றே வைத்தோம்.

ஆசிரியர் அந்த வரியைத் தொடவில்லை.