ஒன்பது வாளித் தண்ணீர்

இருதய அறுவை சிகிச்சைக்காக அப்பாவை மருத்துவமனையில் சேர்த்த அன்று அவர் என்னிடம் ஒப்படைத்தவை மூன்று. வீட்டுச் சாவி, மசேநிதிக் கடிதங்கள் இருந்த கோப்பு, மீன் தொட்டி. “தீனி மட்டும் போடும்மா. ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை. வேற ஒண்ணும் செய்ய வேணாம்” என்றார்.

நான் வேறொன்றும் செய்தேன்.

ஈசூன் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த மூன்றடித் தொட்டி. ஏறக்குறைய 180 லிட்டர் பிடிக்கும். உள்ளே ஒன்பது ஏஞ்சல் மீன்கள். ஐம்பது காசு அளவில் வாங்கிவந்து உள்ளங்கை அளவுக்கு அப்பா வளர்த்தவை. “எங்களையெல்லாம் இப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்தாரா?” என்று அம்மாவிடம் கேட்டால், “உங்களுக்கு டியூஷன் வச்சாரே, அது போதாதா” என்பார்.

நான் போனபோது தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. கண்ணாடியெல்லாம் பாசி. சனிக்கிழமை மதியம் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினேன். பாசியைச் சுரண்டி, பாதித் தண்ணீரை வெளியேற்றி, குளியலறைக் குழாயிலிருந்து பத்து லிட்டர் வாளியில் ஒன்பது முறை தூக்கி ஊற்றினேன். புட்டியில் போட்டிருந்த அளவுப்படி ஆன்டி குளோரினும் சேர்த்தேன். பழைய தண்ணீரில் ஒரு வாளியை மட்டும் நடைபாதைச் செடிகளுக்காக எடுத்து வைத்தேன். தொட்டி பளிங்குபோல் மின்னியது. படம் எடுத்து அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலையில் ஐந்து மீன்கள் செத்துக் கிடந்தன. மற்ற நான்கும் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

சிராங்கூன் நார்த் பக்கம் ஒரு மீன் கடைக்கு ஓடினேன். அங்கிருந்த சீன அங்கிள் முதலில் கேட்டது, “பழைய தண்ணீர் இருக்கா?” செடிக்கு வைத்த வாளி நினைவுக்கு வந்தது. வீட்டுக்குத் திரும்பி, அதிலிருந்து ஒரு போத்தல், தொட்டியிலிருந்து ஒரு போத்தல், குழாயிலிருந்து ஒரு போத்தல் எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன்.

அவர் ஒவ்வொன்றிலும் சோதனை மருந்தைச் சொட்டினார். குழாய்த் தண்ணீரின் பிஎச் 8. பழைய தண்ணீர் பளிச்சென்ற மஞ்சளானது. அதாவது 6 அல்லது அதற்கும் கீழே. அதற்குக் கீழ் அளக்க அந்த மருந்தால் முடியாதாம். பிறகு கார்பனேட் கடினத்தன்மை. ஐந்து மில்லி தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீலம் மஞ்சளாக மாற எத்தனை சொட்டு பிடிக்கிறதோ அத்தனை டிகிரி. குழாய்த் தண்ணீருக்கு இரண்டு சொட்டு. அப்பாவின் பழைய தண்ணீருக்கு முதல் சொட்டிலேயே மஞ்சள். “இதில் ஒன்றுமே இல்லை” என்றார் அங்கிள்.

கடினத்தன்மை என்றால் சோப்பு நுரைக்காத தண்ணீர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது கால்சியமும் மக்னீசியமும் தருவது. இது வேறு. தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட் உப்புகளின் கையிருப்பு. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அந்த வேலையில் அமிலம் உண்டாகிறது. அமிலத்தை அந்தக் கையிருப்பு விழுங்கிவிடும். வாரா வாரம் கொஞ்சம் புதுத் தண்ணீர் ஊற்றினால் கையிருப்பு திரும்ப நிரம்பும். ஊற்றாமல் விட்டால் ஒருநாள் தீர்ந்துபோகும். அப்புறம் பிஎச் சரசரவென்று இறங்கும்.

கொடுமை என்னவென்றால், அவ்வளவு அமிலத்தில் அந்தப் பாக்டீரியாக்களும் சோர்ந்துவிடுகின்றன. அமோனியா சேர்ந்துகொண்டே போகும். ஆனால் மீன் சாகாது. பிஎச் 6-இல் அது அம்மோனியம் என்ற, அதிகம் தீங்கில்லாத வடிவில் கிடக்கும். மீன்களும் மெல்ல மெல்லப் பழகிவிடும். பிஎச் 8-ஐ நெருங்க நெருங்க அதே பொருள் விஷ அமோனியாவாக மாறுகிறது. இரண்டு எண்தான் வித்தியாசம். விஷத்தின் பங்கோ ஏறக்குறைய நூறு மடங்கு கூடுகிறது. நான் ஊற்றிய ஒன்பது வாளி நல்ல தண்ணீர் செய்த வேலை அதுதான்.

போதாததற்கு, நம் பொதுப் பயனீட்டுக் கழகத் தண்ணீரில் கிருமிநாசினியாக இருப்பது குளோரமின். அதை ஆன்டி குளோரின் உடைக்கும்போதும் கொஞ்சம் அமோனியா மிஞ்சும். அந்தக் காலத்தில் வாளியில் ஒரு ராத்திரி பிடித்து வைத்தால் போதும் என்பார்கள். அது குளோரினுக்குச் சரி. குளோரமின் அவ்வளவு எளிதில் போகாது.

அமோனியாவைக் கட்டிப்போடும் மருந்து ஒரு போத்தல், நொறுக்கிய பவளம் ஒரு பை வாங்கிக்கொண்டு வந்தேன். வலைப்பையில் இரண்டு கைப்பிடி பவளத்தைக் கட்டி வடிகட்டிக்குள் வைத்தால் மெல்லக் கரைந்து கையிருப்பை ஏற்றுமாம். பையை வைக்கத் தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரியைத் திறந்தபோது அப்பாவின் நோட்டு கிடைத்தது. அதே சோதனை மருந்துகளும் பக்கத்தில் இருந்தன.

ஒவ்வொரு ஞாயிறும் தேதி போட்டு எழுதியிருந்தார். பிஎச் 7.2, கடினம் 3, தண்ணீர் 4 வாளி. அடுத்த வாரமும் அதேதான். பக்கம் பக்கமாக ஒரு வாரம்கூட விடவில்லை. பிப்ரவரியில் 4 வாளி 2 ஆனது. பிறகு 1. மார்ச் மாத நடுவில் எழுத்து நின்றுபோயிருந்தது. அப்பா கூடத்தில் மயங்கி விழுந்தது ஆகஸ்டில்.

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். பாசி படிந்த அந்தத் தொட்டிக்கு எதிரே எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மீ கோரேங் சாப்பிட்டிருக்கிறேன்!

வார்டில் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பேசியில் நான் அனுப்பிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கேட்டார்: “எத்தனை போச்சு?”

“அஞ்சுப்பா.”

தலையாட்டினார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“மார்ச்சுக்கு அப்புறம் ஏம்பா எழுதல?”

அம்மா தண்ணீர் பிடிக்க வெளியே போகும்வரை காத்திருந்தார். “வாளியத் தூக்குனா மாரு அடைச்சுச்சு. வாயுன்னு நினைச்சேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா தொட்டிய எடுத்துடச் சொல்லுவீங்க.”

அது உண்மைதான். சொல்லியிருப்போம்.

மீதி நான்கும் பிழைத்துக்கொண்டன. முதல் வாரம் தினமும் அரை வாளிதான் மாற்றினேன், அதையும் குவளை குவளையாக. இப்போது ஞாயிறு காலையில் பொங்கோலிலிருந்து ஈசூனுக்குப் போய் நான்கு வாளி மாற்றுகிறேன். கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி சொட்டு எண்ணுகிறார். போன வாரம் மூன்றாவது சொட்டில் மஞ்சளானது. கீழ்த்தளத்தில் உதிர்ந்துகிடந்த கெத்தபாங் இலை இரண்டைக் கழுவிக் காயவைத்துப் போடலாமா என்று கேட்டேன். தண்ணீரைக் கொஞ்சம் அமிலமாக்கும், ஏஞ்சலுக்குப் பிடிக்கும் என்று எங்கோ படித்திருந்தேன்.

“அடுத்த மாசம் பாக்கலாம். மொதல்ல நாலு வரட்டும்” என்று நோட்டை என்னிடம் நீட்டினார். “எழுது.”