பனிக் காலையும் ஒரு பழைய மடிக்கணினியும்

பழுதான பொருளை எறிந்துவிட்டுப் புதியது வாங்கும் வழக்கம் எங்கள் மலைநாட்டுக் குடும்பங்களில் என்றுமே வேரூன்றியதில்லை. குடைக்குக் கம்பி மாற்றுவோம். சப்பாத்துக்கு ஒட்டுப் போடுவோம். வானொலி பேசாவிட்டால் திறந்து ஈயம் பற்ற வைப்போம். ஆயினும் திறக்கவே கூடாதென்று எண்ணிச் செய்யப்பட்ட பொருள்களும் இந்நாளில் வீடு தேடி வருகின்றன. என் தமக்கை மகளின் மடிக்கணினி அவ்வகையைச் சேர்ந்தது.

2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டதையும், அலைவரிசை தேடிப் பிள்ளைகள் மேடுகளில் ஏறியதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அக்காலத்தில் ஹட்டனில் பழையதாக வாங்கிய கணினி அது. 2022இல் ரூபாய் சரிந்தது. டொலர் ஒன்றுக்கு 200 ரூபாய் அளவிலிருந்து சில மாதங்களில் 350ஐயும் தாண்டிற்று. தோட்டத் தொழிலாளியின் நாட் சம்பளமோ 2021இல் 1,000 ரூபாயாகவும், 2024இல் 1,350 ரூபாயாகவுமே நிர்ணயிக்கப்பட்டது. கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தி உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில் மகளுக்கு வேறொரு கணினி வாங்குவது எங்ஙனம்?

நோயின் குறி விசித்திரமானது. "மாமா, நேத்து அழிச்ச படமெல்லாம் இன்னைக்கு மறுபடி வந்து உக்காந்திருக்கு" என்றாள் பிள்ளை. எழுதிய குறிப்புகளோ மறுநாள் காணாமற் போயின. பேய் பிசாசின் வேலை அன்று. கணினியின் களஞ்சியச் சில்லு தன் ஆயுளை முடித்துக்கொண்டு, படிக்க மட்டும் இடங்கொடுக்கும் நிலைக்குப் போயிருந்தது. தற்காலிக நினைவகத்தில் அழிந்ததுபோல் தோன்றியவை, மின்னை நிறுத்தியதும் பழையபடி எழுந்துவிடும்.

ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த புஜியோ மசுவோகா என்பார் குழுவினருடன் 1987இல் வெளியிட்ட நினைவக முறையின் வழிவந்ததே இச்சில்லு. அதன் அறைகளில் அழித்து எழுதும் தடவைக்கு ஓர் எல்லை உண்டு. பெரிய கணினிகளில் களஞ்சியத்தைத் திருகாணி கழற்றி மாற்றலாம். மலிவான சிறு கணினிகளில் 'இ.எம்.எம்.சி.' என்னும் சில்லைத் தாய்ப்பலகையோடு சேர்த்தே பற்ற வைத்துவிடுகிறார்கள். முதலில் தேயும் உறுப்பைக் கழற்ற முடியாதபடி ஒட்டுவது எனக்கு நல்ல தச்சு வேலையாகத் தோன்றவில்லை. நாங்கள் விசாரித்த கடையில், "பலகையோடு தூக்கி எறியுங்கள்" என்றார்கள்.

வெளியே ஒரு யூ.எஸ்.பி. சேமிப்பகத்தைச் செருகி அதிலிருந்தே கணினியை இயக்கலாம். பெரும்பாலோருக்கு அதுவே போதுமானது. நானும் அதையே முதலிற் சொல்வேன். எங்கள் பிள்ளையின் கணினியில் இருந்த இரண்டு செருகுவாய்களில் ஒன்று முன்பே உடைந்திருந்தபடியால் நாங்கள் சூட்டு வேலையில் இறங்கினோம்.

அதற்குமுன், இருந்தவற்றையெல்லாம் பிரதி எடுத்துக்கொண்டோம். அந்தக் கிழச் சில்லு வாங்கத்தான் மறுத்ததே ஒழியக் கொடுக்க மறுக்கவில்லை. பின்னர் மின்கலத்தைக் கழற்றி அப்பால் வைத்தோம். லிதியம் மின்கலத்தின் அருகே சூட்டைக் கொண்டுபோவது உயிருக்கு ஆபத்து.

சில்லின் அளவு 11.5க்கு 13 மில்லிமீற்றர். அதன் அடியில் அரை மில்லிமீற்றர் இடைவெளியில் 153 ஈயக் குண்டுகள். ஐரோப்பாவில் 2006 முதல் மின்னணுப் பொருள்களில் காரீயம் கட்டுப்படுத்தப்பட்டதால், இக்காலத்து 'ஈயம்' பெரும்பாலும் வெள்ளீயமே. பழைய வானொலிக் காலத்துக் கலவை 183 பாகையில் உருகியது. இதுவோ 217 பாகைக்கு மேல்தான் உருகும்.

கொழும்பிலிருந்து வந்த 64 கிகாபைட் புதுச் சில்லை உடனே பற்ற வைக்க இயலாது. இத்தகைய சில்லுகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சுபவை. உறை பிரித்தபின் 30 பாகை வெப்பமும் 60 வீத ஈரப்பதமும் உள்ள அறையில் 168 மணி நேரந்தான் பல சில்லுகளுக்குத் தவணை. எங்கள் மூடுபனிக்கோ அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஈரத்தோடு சுட்டால் உள்ளே நீராவி பிறந்து சோளப்பொரிபோல் வெடிக்கும். எனவே 125 பாகையில் ஒரு பகலும் ஓர் இரவும் உலர்த்தினோம். ஆலையில் தேயிலையை ஏறக்குறைய 3 வீத ஈரம் எஞ்சும்வரை உலர்த்துவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதை விளக்கவேண்டி இருக்கவில்லை.

பற்ற வைத்தாயிற்று, கணினி புதுச் சில்லைக் கண்டுகொண்டது. லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி மகிழ்ந்தோம். மறுநாட் காலை ஆறு மணிக்குப் பிள்ளை திறந்தபோது, களஞ்சியமே இல்லை என்றது பயோஸ் திரை. பத்து மணிக்குத் திறந்தால் எல்லாம் சரி. அடுத்த நாளும் இதே கதை.

1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்மீது உறைபனி படிவதுண்டு. குளிருக்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பு இருக்க வேண்டுமென்று பட்டது. ஆனாலும் ஐயத்தை மட்டும் நம்பிப் பலகையை மறுபடி சுடலாகாது. சில்லுக்குச் செல்லும் 3.3, 1.8 வோல்ற்று மின்னழுத்தங்களை விடியலிலும் நண்பகலிலும் அளந்தோம். இரண்டு வேளையும் சரியாகவே இருந்தன. விடியலில் தலைமயிர் உலர்த்தியால் இரண்டு நிமிடம் இளஞ்சூடு காட்டினோம், களஞ்சியம் தோன்றிற்று. மறுநாள் சூடு காட்டாமல், பென்சில் அழிறப்பரால் சில்லின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தோம். மூன்று மூலைகளில் பயனில்லை. நான்காவதை அழுத்தியதும் கணினி விழித்துக்கொண்டது.

அந்த மூலையின் கீழே பலகைக்குள் அகன்ற செப்புப் படலம் ஓடுகிறது. செப்பு சூட்டைக் குடித்துவிடும். வெப்பக் காற்றுக் கருவியின் முகப்பில் தோன்றும் எண் காற்றுக்கு உரியது, ஈயத்துக்கு உரியதன்று. போதாக்குறைக்கு, புகை வெளியேறச் சாளரத்தைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்தாலோ மலைக்காற்று பலகையைத் தடவிச் செல்கிறது. கடற்கரைப் பட்டினத்து அறையில் பலிக்கும் நிமிடக் கணக்கு இங்கே பலிக்காது. அரைகுறையாய்த் தொட்டு நின்ற குண்டுகள் குளிரில் உலோகம் சுருங்கியதும் விலகின. வெயில் ஏறியதும் தொட்டன.

இம்முறை பலகையை அடியிலிருந்து மின்தட்டினால் மெல்ல 130 பாகைவரை சூடேற்றினோம். பிஸ்கட் தகரத்தை வெட்டிக் காற்றுக்கு மறைப்புக் கட்டினோம். வெப்பமானியின் கம்பியை அந்த மூலையிலேயே ஒட்டி, எண் 235ஐத் தொடும்வரை பொறுத்திருந்தோம். பிளக்ஸ் பசை கொதித்தடங்கியபோது சில்லு மயிரிழை அளவு தானே அசைந்து தன் இடத்தில் அமர்ந்தது. எல்லாக் குண்டுகளும் உருகினால் மட்டுமே அந்த அசைவு உண்டாகும்.

அதன்பின் பத்து நாள், கணினியை இரவெல்லாம் சாளரத்தோரம் வைத்து விடியலில் திறந்தாள் பிள்ளை. பத்து நாளும் களஞ்சியம் தவறாமல் தெரிந்தது. பதினோராவது நாள் பரிசோதனையை நிறுத்திவிட்டு இரசாயனவியல் வினாத்தாளை எடுத்துக்கொண்டாள்.

செய்தி பரவி, அடுத்த லயத்துப் பையன் ஒருவன் தன் கணினியுடன் வந்தான். சிறு கோப்பொன்றை எழுதி, அணைத்து, மறுபடி திறக்கச் சொன்னேன். எழுதியது அப்படியே இருந்தது. அவன் கணினியில் இடந்தான் நிரம்பியிருந்தது. வேண்டாதவற்றை அழித்துவிட்டு அரைமணி நேரத்தில் வீடு திரும்பினான்.