‘ஹக்கர்’: ஒரு சொல்லின் வழக்கு

சொற்கள் பொருள் மாறுவது மொழி கற்போர்க்குப் புதிய செய்தியன்று. உயர்ந்த பொருள் தாழ்வதும், பொதுப்பொருள் சுருங்குவதும் எல்லா மொழிகளிலும் நிகழ்வனவே. ஒருகாலத்தில் நறுமணத்தையும் குறித்து நின்ற ‘நாற்றம்’ என்ற சொல் இன்று தீய மணத்துக்கே உரியதாயிற்று. அம்மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்து முடிந்தது. ஆயின், கணனித்துறையில் வழங்கும் ‘ஹக்கர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நிலை வேறு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இரு சாரார் அதன்மீது உரிமைகோரி வழக்காடி வருகின்றனர். பத்திரிகை வாசிப்போர்க்கு ஹக்கர் என்பவர் பிறர் கணனிக்குள் களவாகப் புகுபவர். கணனி வல்லுநர் பலருக்கோ அவர் பொறியின் உள்ளியல்பை ஆழ அறிந்து, இயலாதெனப் பிறர் கைவிட்டதைச் செய்துகாட்டும் திறலோர். முன்னைய பொருள் செய்தியாளரின் அறியாமையால் விளைந்த திரிபு என்பது வல்லுநர் கட்சி. அக்கட்சி எத்துணை உண்மையானது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இச்சொல் கணனியோடு உறவுகொண்ட இடம் ஐக்கிய அமெரிக்காவிலுள்ள மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகமாகும். 1946இல் அங்கு தோன்றிய மாதிரிப் புகையிரதக் கழகத்தில் மாணவர் இரு பிரிவினராயிருந்தனர். சிறு வண்டிகளையும் நிலக்காட்சிகளையும் அழகுற அமைப்பதில் ஒரு பிரிவினர் ஈடுபட்டனர். மேடையின் கீழே பின்னிக்கிடந்த கம்பிகளிலும் தொலைபேசி ஆளிகளிலும் மற்றப் பிரிவினர் மனம் தோய்ந்தனர். 1955 ஏப்ரலில் எழுதப்பட்ட கூட்டக் குறிப்பொன்று, மின்னமைப்பில் ‘ஹக்’ செய்வோர் உருகி எரிந்துபோகாதவாறு மின்னோட்டத்தை நிறுத்திவிட்டுச் செய்யுமாறு வேண்டுகின்றது. 1959இல் உறுப்பினரான பீற்றர் சாம்சன் தொகுத்த கழகச் சொற்பட்டியலிலோ இச்சொல், ஆக்கபூர்வமான நோக்கமெதுவும் இல்லாத முயற்சி என்ற எள்ளற் பொருளுடன் இடம்பெற்றது. ஆகவே, பின்னாளிற் பட்டம்போலப் போற்றப்பட்ட இச்சொல் பிறக்கும்போது பட்டமாகப் பிறக்கவில்லை. தம்மைத் தாமே நகையாடிக்கொண்ட இளைஞரின் குழூஉக்குறியாகவே அது பிறந்தது.

இவ்விளைஞரின் ஆர்வம் புகையிரதத்திலிருந்து கணனிக்குத் தாவியமைக்கு ஒரு பௌதிகக் காரணம் உண்டு. நிறுவகத்திலிருந்த ஐ.பி.எம். 704 என்னும் பெருங்கணனியை மாணவர் அணுகுதல் அரிது. துளையட்டைகளைப் பணியாளரிடம் ஒப்படைத்துவிட்டு விடைக்காகக் காத்திருத்தல் வேண்டும். 1958இல் அங்கு வந்துசேர்ந்த ரி.எக்ஸ்-0 என்ற பொறியின் முன்னோ அவர்கள் தாமே அமர்ந்து இயக்கலாம். இரவில் எவரும் வராத வேளைகளில் விடியும்வரை இயக்கலாம். 1961இல் பி.டி.பி-1 வந்தது. மறு ஆண்டு அதன் திரையில் விண்கலங்கள் மோதும் ‘ஸ்பேஸ்வோர்’ விளையாட்டு உருப்பெற்றது. அதனைத் தொடங்கியவர் ஒருவர், மேம்படுத்தியவர் பலர். நிரலை எழுதியவர் அதனை மேசை இழுப்பறையில் விட்டுச்செல்வார்; அடுத்து வருபவர் எடுத்துத் திருத்துவார். பிறருக்குத் தெரியாமல் மறைத்துவைத்தல் அங்கு இழுக்கெனக் கருதப்பட்டது.

அறுபதுகளின் பிற்பகுதியில் இவர்கள் வழிவந்தோர் தமக்கென ஆக்கிய இயக்க முறைமை இம்மனப்பான்மையை நன்கு காட்டும். அதில் கடவுச்சொல் இல்லை. ஒருவர் செய்யும் வேலையை மற்றொருவர் தம் திரையிற் பார்க்கலாம். முறைமை முழுவதையும் நிறுத்திவிடும் கட்டளையொன்றும் எவரும் பயன்படுத்தத்தக்கதாய் இருந்தது. வீழ்த்துவது அத்துணை எளிதாயின் வீழ்த்துவதிற் பெருமையில்லை என்பதே அதன் தத்துவம். பூட்டில்லாத வீட்டிற் கள்வனுக்கு வேலையில்லை. ஸ்ரீவன் லெவி 1984இல் வெளியிட்ட ‘ஹக்கேர்ஸ்’ என்ற நூல் இவ்வாழ்வை விரித்துரைத்து, அதனுள் ஓர் அறம் உண்டென நிறுவ முயன்றது. கணனி யாவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். அறிவு கட்டற்றதாதல் வேண்டும். மனிதரை மதிப்பிடுவது அவர்தம் பட்டத்தாலோ வயதாலோ இனத்தாலோ அன்றிச் செயலாலேயே ஆதல் வேண்டும் என்பன அவ்வறத்தின் கூறுகள்.

எனினும், அந்நூலிலேயே மற்றொரு பக்கமும் உண்டு. பூட்டிய அறைகளில் இருந்த கருவிகளைப் பெற இவ்விளைஞர் இரவிற் பூட்டுகளைத் திறந்தனர்; மேற்கூரை வழியே ஊர்ந்து சென்றனர். இன்னும் தெளிவான சான்று அந்நிறுவக மாணவரின் செய்தியேடான ‘த ரெக்’ 1963 நவம்பர் 20ஆம் திகதி வெளியிட்ட செய்தியாகும். ஹக்கர் எனப்படுவோரால் தொலைபேசிச் சேவைகள் பல குறைக்கப்பட்டமையை அது தெரிவித்தது. ஹாவாட் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் இணைப்புகளை அவர்கள் முடக்கினர். தொலைதூர அழைப்புகளின் கட்டணத்தைப் பிறர் கணக்கில் ஏற்றினர். வெளியிணைப்புத் தேடுவதற்கு பி.டி.பி-1 பொறியையே பயன்படுத்தினர். இச்செய்தியை எழுதியவர் வெளியார் அல்லர். அச்சொல் வளர்ந்த முற்றத்திலேயே வாழ்ந்தவர். எனவே, அத்துமீறல் என்ற பொருள் பிற்காலத்துப் பத்திரிகையாளரால் வெளியிலிருந்து புகுத்தப்பட்டது என்ற வாதம் நிலைபெறாது.

அவ்வாறாயின் பத்திரிகைகள் செய்தது யாது? உள்ளிருந்த இரு பொருள்களுள் ஒன்றை அவை உலகறியச் செய்தன. 1983ஆம் ஆண்டு இதிற் திருப்புமுனையாகும். அவ்வாண்டு ‘வோகேம்ஸ்’ என்ற திரைப்படத்தில், பாதுகாப்புத்துறைக் கணனிக்குள் விளையாட்டாகப் புகுந்த சிறுவன் உலகப்போரின் விளிம்புக்கே வழிகோலினான். அதே கோடையில் மில்வோக்கி நகர இளைஞர் சிலர் தொலைபேசி வழியாகப் பல கணனிகளுள் புகுந்தமை வெளியாயிற்று. லொஸ் அலமோஸ் அணுவாய்வுகூடமும் நியூயோர்க்கின் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றும் அவற்றுள் அடங்கும். உற்பத்தியாளர் இட்ட கடவுச்சொற்கள் மாற்றப்படாமலே கிடந்தமை அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. ‘நியூஸ்வீக்’ சஞ்சிகை செப்தெம்பரில் ஹக்கர் என்ற சொல்லைக் கட்டுரைத் தலைப்பிலேயே பொறித்தது. சட்டத்திடம் இச்செயலுக்குப் பெயர் இருக்கவில்லை. அவர்களுள் இருவர் தொல்லைதரும் தொலைபேசி அழைப்பு என்ற சிறுகுற்றத்தையே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கணனி மோசடிச் சட்டம் 1986இலேதான் நிறைவேறிற்று.

இந்நிலையில் வல்லுநர் தம் பெயரைக் காக்க முனைந்தனர். உடைத்துப் புகுவோரைக் ‘கிரக்கர்’ என அழைக்குமாறு 1985 அளவில் புதுச்சொல் ஒன்றைப் படைத்தனர். 1993இல் வெளியான இணையப் பயனர் சொற்றொகுதி இரண்டையும் வேறுபடுத்தி வரையறுத்தது. ஆனால் மக்கள் வழக்கு அகராதிக்குக் கீழ்ப்படிவதில்லை. அன்றியும், நல்லோர் எல்லாம் நம்மவர், தீயோர் எல்லாம் புறத்தவர் என்னும் அப்பாகுபாடு முதற் சோதனையிலேயே தடுமாறிற்று. 1988 நவம்பர் 2ஆம் திகதி கோணெல் பல்கலைக்கழகப் பட்டமேற்படிப்பு மாணவர் றொபேட் மொறிஸ் தாம் எழுதிய நிரலொன்றை வலையமைப்பிற் செலுத்தினார். தரவை அழிப்பதற்கு அது எழுதப்படவில்லை. எனினும் கணக்குப் பிழைத்துப் பெருகி, ஆயிரக்கணக்கான கணனிகளைச் செயலிழக்கச் செய்தது. நீதிமன்றம் 1990இல் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணித்தியாலச் சமூகசேவையும், 10,050 டொலர் தண்டமும் விதித்தது. பின்னர் அவர் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலேயே பேராசிரியரானார். இவர் ஹக்கரா, கிரக்கரா? திறமையை நோக்கின் முன்னது. விளைவை நோக்கின் பின்னது. ஒருவரிடமே இரண்டும் பொருந்தும்போது சொற்பாகுபாடு தீர்ப்பாக அமையாது.

இங்குதான் விவாதத்தின் வேர் புலப்படுகின்றது. மாறியது சொல் மட்டுமன்று. சொல் வழங்கிய களமும் மாறியது. ஆய்வுகூடத்தில் பொறி பொதுவுடைமைபோல இருந்தது. புகுந்தவரும் புகப்பட்டவரும் ஒரே குழுவினர். அங்கே பூட்டைத் திறத்தல் குறும்பு. அதே செயல் நோயாளரின் பதிவுகள் உள்ள கணனியில் நிகழும்போது, அதன் விளைவைச் சுமப்பவர் அவ்விளையாட்டில் ஒருபோதும் சேராதவர். ஆகவே பழைய அறத்தைப் புதிய களத்துக்கு அவ்வாறே பெயர்த்தல் ஒண்ணாது. அதற்காக ஆராயும் ஆர்வத்தையே குற்றமெனக் கொள்ளுதலும் தகாது. பூட்டின் குறையைக் கண்டு உரியவர்க்கு உரைப்பவன் இல்லையேல், அக்குறையை முதலிற் காண்பவன் கள்வனாகவே இருப்பான். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 2016இல் ‘ஹக் த பென்டகன்’ என்ற பெயராலேயே ஆய்வாளரை அழைத்துப் பரிசளித்தது. நன்னோக்குடன் நிகழும் பாதுகாப்பு ஆய்வின்மீது குற்றஞ்சாட்டலாகாது என நீதித் திணைக்களம் 2022 மே மாதத்தில் தன் வழக்குத்தொடுநர்க்கு நெறி வகுத்தது. 1986இன் சட்டத்துக்கும் இந்நெறிக்கும் இடையே 36 ஆண்டுகள் கழிந்தன. அவ்விடைக்காலத்தில் குறையைச் சுட்டிக்காட்ட விழைந்த ஆய்வாளர் சிறையை அஞ்சியே அதனைச் செய்யவேண்டியிருந்தது.

தமிழில் எழுதுவோர்க்கும் இவ்விவாதம் அயலானதன்று. செய்தித்தாள்கள் ‘ஊடுருவல்’ என்கின்றன. கலைச்சொல்லாக்குவோர் சிலர் ‘கொந்தர்’ என்கின்றனர். ‘ஊடுருவல்’ என்றதும் குற்றம் முடிவாகிவிடுகின்றது. வினவுவதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. ‘கொந்துதல்’ குத்துதல், கொத்துதல் என்னும் பொருளது. வெட்டுதலைக் குறித்த ஆங்கில வேர்ச்சொல்லுக்கு அது அணித்தானது. நன்மை தீமை இரண்டுக்கும் இடந்தருவது. எச்சொல்லைக் கொள்ளினும், ஒருவனை அச்சொல்லால் அழைத்தமாத்திரத்தே அவன் செயல் விளங்கிவிடாது. அவன் தொட்டது யாருடையது, யார் இசைவுடன் தொட்டான், கண்டதைக் கொண்டு யாது செய்தான், அதனால் துன்புற்றவர் எவர் என்னும் வினாக்களே அதனை விளக்குவன. அவ்வினாக்களைக் கேளாது சொல்லுக்காக மட்டும் போராடுவோர், அச்சொல்லை வென்றாலும் வழக்கைத் தோற்றவரே ஆவர்.