ஒன்னுக்கு ஒன்னு: மாப்ளைக்குக் கொடுத்ததும் வாங்கினதும்

எனக்கும் எங்க அக்கா பையனுக்கும் ஒரு ஒப்பந்தம் ஓடிக்கிட்டிருக்கு. அவன் எனக்கு ஒரு புது ராக் ஆல்பம் கொடுத்தா, நான் அவனுக்கு யாரும் கண்டுக்காம விட்ட ஒரு பழைய ஆல்பம் கொடுக்கணும். விதி ரெண்டே ரெண்டு. முழுசா கேக்கணும், நடுவுல தாவக்கூடாது. பிடிக்கலைன்னா ஏன்னு சொல்லணும், "மொக்கை"ன்னு ஒத்தை வார்த்தையில முடிக்கக்கூடாது.

பயபுள்ள பெங்களூர்ல பொட்டி தட்டுறான். மாசத்துக்கு ரெண்டு தடவை கிருஷ்ணகிரி வழியா பஸ் பிடிச்சு தர்மபுரி வருவான். அக்கா கட்டி வச்ச ராகி மாவையும் புளியையும் தூக்கிட்டுத் திரும்பிப் போறப்போ எங்க வீட்டுல ஒரு டீ. அந்த டீ நேரத்துலதான் வியாபாரம். தங்கமணிக்கு இதெல்லாம் ஆகாது. "மாமனும் மாப்ளையும் ஆளுக்கொரு ஒயரைக் காதுல மாட்டிக்கிட்டு முழிக்கிறதைப் பாக்க சகிக்கல"ன்னு சொல்லிட்டு டீயை ஸ்டூல் மேல வச்சுட்டுப் போயிடுவாங்க :-)

நான் முதல்ல கொடுத்தது ராஜாவோட 'ஹவ் டு நேம் இட்'. 1986. இது எப்படிப்பா கண்டுக்காத ஆல்பம் ஆகும்னு ராஜா ரசிகர்கள் கிளம்பி வராதீங்க. நமக்குத் தெரியும். இருபத்தஞ்சு வயசுப் பையனுக்குத் தெரியாதே. அவனுக்கு ராஜான்னா இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்ல முப்பது செகண்ட் வர்ற 'தென்றல் வந்து'தான்.

எனக்கு அந்த ஆல்பம் வந்து சேர்ந்த கதைக்கு கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும், பொறுத்துக்கோங்க. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அப்போ ஒரு ரெக்கார்டிங் சென்டர். நாலடி அகலம். பின்னாடி பலகையில எக்கோ, இன்ரிகோ எல்.பி. தட்டுங்க வரிசையா நிக்கும். நோட்டுப் பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, கூடவே ஒரு அறுபது நிமிஷ கேசட்டும் கொடுத்தா, நாலு நாள் கழிச்சு வந்து வாங்கிக்கலாம். ஒரு பக்கம் முப்பது நிமிஷம். நம்ம சினிமாப் பாட்டு ஒன்னு நாலரை நிமிஷம். ஆறு பாட்டு போட்டா இருபத்தேழு. மீதி மூணு நிமிஷம் காலி நாடா. மத்த கடைக்காரங்க அதைக் காலியாவே விட்டுடுவாங்க, இல்லைன்னா ஏழாவது பாட்டைப் போட்டுப் பாதியில வெட்டிடுவாங்க. பாதி சரணத்துல 'டக்'குனு நிக்கும் பாருங்க, அது பெரிய கொடுமை.

எங்க அண்ணன் அப்படிச் செய்ய மாட்டார். அந்த மூணு நிமிஷம் அவரோடது. நாம கேக்காத ஏதாவது ஒன்னை அதுல போட்டு வைப்பார். அட்டையில பேரும் எழுத மாட்டார். 1988-ல நான் ஒன்பதாவது படிக்கிறப்போ 'அக்னி நட்சத்திரம்' பதியக் கொடுத்தேன். ஏ பக்கம் முடிஞ்சு ரெண்டு செகண்ட் அமைதி. அப்புறம் வயலின். பாட்டே இல்ல. ஒரு வயலின் விடாம ஓடுது, அது மேல இன்னொரு வயலின் தன் பாட்டுக்கு வேற என்னமோ பேசுது. ரெண்டும் சண்டை போடல. பாதியில நாடா தீந்துடுச்சு. மறுநாளே சைக்கிள் எடுத்துட்டுப் போய் நின்னேன்.

"அண்ணா, கடைசியில என்னமோ ஒன்னு போட்டிருந்தீங்களே..."

"கேட்டியா? எத்தனை தடவை?"

"நாலு தடவை."

"அப்போ இன்னொரு கேசட் கொண்டா. முழுசும் போட்டுத் தரேன்."

அந்தத் துண்டு 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. பாக் எழுதின வயலின் இசையை அப்படியே ஓடவிட்டு அது மேல தன்னோடதைக் கோத்திருப்பார் ராஜா. ஆல்பத்தையே தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கியிருந்தார். வயலின் வி.எஸ். நரசிம்மன். இதெல்லாம் பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. அப்போ எனக்கு பாக்னா யாருன்னே தெரியாது, யாரோ ராஜா வீட்டுக்கு வந்த விருந்தாளின்னு நினைச்சுக்கிட்டேன் (தப்பில்லையே!). அதே இசையைத்தான் பாலு மகேந்திரா 'வீடு' படத்துக்குப் பின்னணியா எடுத்துக்கிட்டார். டி.வி.யில அந்தப் படம் ஓடினப்போ வீட்டுல எல்லாரும் அர்ச்சனாவைப் பாத்துக்கிட்டிருந்தாங்க, நான் "இது என் கேசட்டு, என் கேசட்டு"ன்னு கத்தி திட்டு வாங்கினேன்.

அந்தக் கேசட் முதுகுல இருக்கிற ரெண்டு பல்லையும் உடைச்சு வச்சேன். யாரும் மேல பதிஞ்சிடக் கூடாதுல்ல. இன்னும் இருக்கு, நாடாவுல ஒட்டடை வாசம் அடிக்குது.

மாப்ள முழுசா கேட்டான். அவன் சொன்னது: "மாமா, இதுல பேஸ் கிடார்தான் பாட்டையே இழுத்துட்டுப் போகுது, கவனிச்சீங்களா?" முப்பத்தஞ்சு வருஷமா வயலினையே கேட்டுக்கிட்டிருந்த காதுக்கு அன்னிக்குத்தான் பேஸ் தனியா விழுந்துச்சு. இதுக்குத்தாங்க இன்னொருத்தர் காது வேணும்ங்கறது.

பதிலுக்கு அவன் கொடுத்தது 'அகம்'. பெங்களூர் பேண்டு, கர்நாடக சங்கீதத்தை ராக்ல ஏத்துறவங்க. பாடறவர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன். 2012-ல வந்த 'தி இன்னர் செல்ஃப் அவேகன்ஸ்' அவங்க முதல் ஆல்பம். அதுல சுவாதித் திருநாளோட தனஸ்ரீ தில்லானாவை எடுத்திருக்காங்க, டிரம்ஸும் டிஸ்டார்ஷன் கிடாரும் வச்சு. 'ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி'ன்னு ஒன்னு, தியாகராஜரோட 'பண்டுரீதி' மேல கட்டினது. முதல் தடவை கேட்டப்போ கிடார் இவ்வளவு கத்தணுமான்னு இருந்துச்சு. ரெண்டாவது தடவை ராத்திரி தனியா கேட்டேன். தில்லானா ஜதி வேகம் பிடிக்கிற இடத்துல டிரம்ஸ் ஒரு அரை நொடி பின்வாங்கிட்டு அப்புறம் வந்து சேருது பாருங்க, அங்க விழுந்துட்டேன். ஆனா எல்லாப் பாட்டுலயும் ஒரு உச்சம் வச்சே ஆகணும்னு அவங்களுக்கு ஒரு பிடிவாதம். ராஜாவுக்கு அந்த அவசரம் கிடையாது. இதைச் சொன்னதும் மாப்ளைக்கு மூஞ்சி சுருங்கிடுச்சு. அடுத்து வந்த 'எ ட்ரீம் டு ரிமெம்பர்' (2017) கேட்டுட்டு வந்து பேசுங்கன்னான். கேட்டேன். கருத்துல மாற்றமில்லை, ஆனா அது இன்னும் நல்ல ஆல்பம்.

அடுத்த சுற்று ரஹ்மான். 'ரோஜா'வுக்கு முன்னாடி ரஹ்மான் என்ன பண்ணிக்கிட்டிருந்தார்னு கேட்டேன். "விளம்பரப் பாட்டு"ன்னான். அது பாதி பதில். சிவமணி, ஜான் ஆன்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் இவங்களோட 'ரூட்ஸ்'னு ஒரு பேண்டுல கீபோர்டு வாசிச்சிருக்கார். 'நெமசிஸ் அவென்யூ'ன்னு சென்னையில ஒரு ராக் குழுவும் ஆரம்பிச்சார். திலீப்ங்கற பேர்ல மால்குடி சுபாவுக்கு 'செட் மீ ஃப்ரீ'ன்னு ஒரு இங்கிலீஷ் ஆல்பம் பண்ணினார், அப்போ அது சீந்துவாரில்லாம போச்சு. சுபாவோட அந்தக் குரலை நம்ம சினிமா குத்துப்பாட்டுக்கு மட்டும் கூப்பிட்டுக்கிட்டே இருந்ததுல எனக்குத் தனி வருத்தம் உண்டு. அதைப் பத்தி எழுதினா நீளும், வேணாம்.

கூடவே சினிமாவுல இருந்து 'என் சுவாசக் காற்றே' (1999) கொடுத்தேன். படம் ஊத்திக்கிச்சுன்னா நம்ம ஊர்ல பாட்டும் கூடவே போயிடும். வெளிநாட்டுல ஆல்பம்னா ஆல்பம், நல்லா இல்லைன்னா அதோட தலையெழுத்து. இங்க ஹீரோ முதல் நாளே கவுந்தா இசையமைப்பாளரும் சேந்து குழிக்குள்ள. டீக்கடையில போட மாட்டான், பஸ்ல போட மாட்டான், கல்யாண மைக்செட்ல போட மாட்டான். இந்த மூணுலயும் வரலைன்னா தர்மபுரிக்கு அந்தப் பாட்டு வரவே இல்லைன்னு அர்த்தம்.

இங்கிலீஷ் ராக் கதையும் அதேதான். 2007-ல அயர்ன் மெய்டன் பெங்களூர் அரண்மனை மைதானத்துல வாசிச்சாங்க, 2011-ல மெட்டாலிகா அங்கேயே. எங்க ஊரு ஜனம் பாதி அப்பவும் பெங்களூர்லதான், கட்டட வேலையில. ரெண்டு மணி நேரத் தூரம். அந்த மேடைக்குக் குழாய் கட்டினதுல எங்க பசங்க யாராவது இருந்திருக்கலாம். கேசட் மட்டும் ஊருக்கு வரல. கொண்டு வந்து கையில கொடுக்க ஒரு ஆள் வேணும்.

சென்னை 'தி எஃப்16ஸ்'ஸோட 'ட்ரிகர்புங்க்டே' (2016) மாப்ள கொடுத்ததுல எனக்கு ஒட்டாத ஒன்னு. நல்லா வாசிக்கிறாங்க. நம்ம மெட்ராஸ்ல இருந்து வந்ததுக்கான தடயம் எதுவும் என் காதுக்குக் கிடைக்கல. அது என் காதோட வயசாவும் இருக்கலாம்.

அப்புறம் கொடுத்தான் பாருங்க 'மகிழ்ச்சி'.

'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பேரைக் கேள்விப்பட்டிருந்தேன், கேட்டதில்லை. பா. ரஞ்சித் முன்னெடுத்து, டென்மா இசையில, 2018 ஜனவரி 6-ம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்துல முதல் கச்சேரி. மேடையில 19 பேர். அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியில்லாத் தமிழர்'ல இருந்து எடுத்த பேர். அறிவு, இசைவாணி எல்லாம் அதுல வந்தவங்கதான். அந்த வருஷமே இந்த ஆல்பம். இடஒதுக்கீட்டைப் பத்தி 'கோட்டா'ன்னு ஒரு பாட்டு, வடசென்னையைப் பத்தி ஒன்னு. கானா, ராப், எலக்ட்ரிக் கிடார், டிரம்ஸ், பறை, சட்டி எல்லாம் ஒரே மேடையில.

எனக்கு அடிச்சது பறைதான். நான் வளந்த ஊர்ல பறை ரெண்டு இடத்துலதான் கேக்கும். சாவு வீடு, மாரியம்மன் திருவிழா. திருவிழாவுலயும் அடிக்கிறவங்க நிக்கிற இடம்னு ஒன்னு இருக்கும், அதைத் தாண்டி வர மாட்டாங்க, வர விடவும் மாட்டாங்க. வீட்டுக்குள்ள டேப் ரெக்கார்டர்ல ஆயிரம் பாட்டு கேட்டிருக்கேன், பறையை நடுவுல வச்சு, கிடார் அதுக்கு ஒத்து ஊதி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. ராக்னா என்னன்னு மாப்ளகிட்ட நாலஞ்சு மாசமா வாதம் பண்ணிக்கிட்டிருந்தேன், கோபம் இருக்கணும்பான், எதுக்குடா கோபம்பேன். இதைக் கேட்டப்புறம் அந்த வாதத்தை விட்டுட்டேன்.

வர்ற வைகாசியில திருப்பத்தூர்ல ஒரு சொந்தக்காரங்க கல்யாணம், முன்னாடியே நிச்சயத்துக்குப் போக வேண்டியிருந்துச்சு. வாடகைக் கார். முன் சீட்டுல மாப்ள. போனை காரோட ஸ்பீக்கர்ல இணைச்சு 'மகிழ்ச்சி'யைப் போட்டுட்டான். கதவு கண்ணாடி நாலும் இறக்கியிருக்கு. டிரைவருக்கு என் வயசு இருக்கும், அதுவரைக்கும் புளி விலையைப் பத்திப் பேசிக்கிட்டு வந்தவர். நாயக்கன்கொட்டாய் நெருங்கறப்போ பேச்சை நிறுத்தினார். பட்டனை அமுக்கி நாலு கண்ணாடியையும் ஏத்தினார். ஏ.சி. போட்டார். பாட்டை நிறுத்தல, சவுண்டையும் குறைக்கல.

மாப்ள திரும்பி என்னைப் பாத்தான். நான் "இருக்கட்டும்டா"ன்னேன்.

ரெண்டு பாட்டு அப்படியே போச்சு. அவர் விரல் ஸ்டியரிங்ல தாளம் போட்டுச்சா, இல்ல ரோட்டோட குலுக்கலான்னு எனக்குத் தெரியல. அவர் எந்தப் பக்கத்து ஆளுன்னு நான் கேக்கல. எங்க ஊர்ல அந்தக் கேள்வியைக் கேக்காம இருக்கறதே ஒரு மரியாதை, சில நேரம் அதுவே ஒரு பயம். எந்தத் திருவிழா மைக்செட்ல எந்தப் பாட்டு ஓடுது, யாரு போன்ல எந்த ரிங்டோன், இதை வச்சு ஆளை எடை போடற ஊரு. அந்தக் கண்ணாடி யாருக்காக ஏறுச்சு? வெளிய நிக்கறவங்களுக்காகவா, உள்ள இருக்கற எங்களுக்காகவா?

திருப்பத்தூர்ல டிரைவர் டீ குடிக்க இறங்கினப்போ மாப்ள கேட்டான். சொன்னேன். 2012 நவம்பர் 7. ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூணு காலனியிலயும் 200-க்கும் மேற்பட்ட வீடுகளை எரிச்சது, ரோட்டுல மரத்தை வெட்டிப் போட்டது. அவன் அப்போ ஓசூர்ல ஸ்கூல் படிச்சுக்கிட்டிருந்தான், அரைகுறையாத்தான் தெரிஞ்சிருந்துச்சு. "அப்போ இந்த ஆல்பம் முதல்ல தர்மபுரிக்குத்தானே மாமா வந்திருக்கணும்"னான். யாரு கொண்டு வருவாங்கறேன். "நான்தான் கொண்டு வந்துட்டேனே"ன்னான். அதுக்கு என்னத்தைச் சொல்ல.

திரும்பி வர்றப்போ கார்ல ராஜா பாட்டு, டிரைவர் போட்டது. இறங்கறப்போ சில்லறை எண்ணிக் கொடுத்துட்டு மாப்ளயைப் பாத்து, "தம்பி, வரும்போது ஒன்னு போட்டியே, அதுல நடுவுல ஒரு பொண்ணு பாடுதே, அது பேரென்ன?"ன்னார். "இசைவாணி அண்ணா"ன்னான். "ம்"னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டார்.

இந்த மாசம் நான் கொடுக்க வேண்டிய முறை. 'நத்திங் பட் விண்ட்' (1988) எடுத்து வச்சிருக்கேன். ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல், அதுல 'மொஸார்ட் ஐ லவ் யூ'ன்னு ஒன்னு இருக்கு, பையன் மிரளுவான். அதுக்கு அடுத்து என்னன்னுதான் யோசனை. ரெண்டு ராஜா தொடர்ந்து கொடுத்தா ஒப்பந்தத்துல அபராதம் உண்டு, ஒரு வாரம் அவன் சொல்ற மெட்டல் கேக்கணும். ராஜா, ரஹ்மான் ரெண்டு பேரும் இல்லாத, படம் ஓடாத, பாட்டு மட்டும் மிஞ்சின ஆல்பம் உங்ககிட்ட ஏதாவது இருந்தா சீக்கிரம் சொல்லுங்க மக்களே, சனிக்கிழமை வந்துடுவான்.